ஊறுகாய் வைக்காத சோறு

மலர்க்கொடிக்குச் சாமி கும்பிடும் பழக்கம் பெரிதாகக் கிடையாது. ஆனால் ஒரே ஒரு வேண்டுதல் உண்டு. பஞ்சநதம் நன்றாக இருக்க வேண்டும். நோய் நொடி வந்து கட்டிலில் கிடந்து செத்துப் போய்விடக் கூடாது. கோர்ட்டுக் கூண்டில் ஏறி நிற்கிற வரைக்கும் அவனுடைய காலும் கண்ணும் காதும் திடமாக இருக்க வேண்டும். எட்டு வருஷமாக அவள் இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

பெரிய தெருவில் யாராவது, "பஞ்சநதத்துக்குச் சக்கரை கூடிப் போச்சாம்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. "மாத்திரைய ஒழுங்கா போடுறானா இல்லியா பாவி" என்று புலம்புவாள். கட்டின பெண்டாட்டிகூட அப்படிக் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

தேதி வந்த அன்றைக்கு அவள் வயலில் நின்றாள். குத்தாலத்துக்குக் கிழக்கே, குத்தகைக்கு எடுத்த முக்கால் மா நிலம். சம்பா நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழை விடாமல் ஊற்றி, பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே பச்சைப் பச்சையாகத் தெரிந்தது. வடிகாலிலும் தண்ணீர் வயல் மட்டத்துக்கு நின்றதால் வரப்பை எங்கே வெட்டிவிட்டாலும் உள்ளே வருகிறதே தவிர வெளியே போகவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு அவள் போராடிக்கொண்டிருந்தபோது, அவள் புருஷன் அறிவுச்செல்வன் வரப்பில் வழுக்கி வழுக்கி வந்தான். அறுப்பு மெஷின் ஓட்டுகிறவன். மழைக்காலத்தில் அவனுக்கு வேலை இல்லை.

"மலரு, தேதி போட்டுட்டாங்க. கார்த்தியல் பொறந்து ரெண்டாவது வாரம். புள்ளைய கூட்டிக்கிட்டு வரச் சொல்லுறாங்க."

அவள் மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

"ஆளு நல்லா இருக்கானா?"

"யாரு?"

"அவன்தான்."

"நேத்துகூட புல்லட்டுல போனான். கல்லு மாரி இருக்கான்."

"இருக்கட்டும்" என்றாள் மலர்க்கொடி. "நல்லா இருக்கட்டும்."

திரும்பவும் குனிந்து வெட்ட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் வெட்டின வெட்டெல்லாம் சேற்றில் விழுந்ததா வேறெங்கும் விழுந்ததா என்று அறிவுச்செல்வனுக்குத் தெரியவில்லை. கிட்டே போகாமல் வரப்பிலேயே நின்றுகொண்டான்.

எழில்மொழியை மலர்க்கொடி பெறவில்லை. வாய்க்காலில் இருந்து தூக்கினாள்.

பஞ்சநதத்துக்கு நிலம் ஒரு பக்கம், வாத்து ஒரு பக்கம். குறுவை அறுத்த வயலில் உதிர்ந்து கிடக்கும் நெல்லைப் பொறுக்க ஆயிரக்கணக்கில் வாத்து இறக்குவான். மேய்க்கப் பெரிய ஆள் வைத்தால் கூலி கேட்பான். சின்னப் பிள்ளைக்குச் சோறு போதும். கொள்ளிடக் கரையிலிருந்து ஒருத்தன், பெண்டாட்டி செத்த மறு மாதமே தன் ஆறு வயசுப் பெண்ணைக் கொண்டுவந்து அந்த வீட்டில் விட்டான். "மூணு வேள கஞ்சி ஊத்துங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான். அந்த வீட்டில் அவளுக்குப் பேர்கூட இல்லை. 'ஏ வாத்து' என்று கூப்பிடுவார்கள்.

அப்புறம் ஒரு ஐப்பசி. இதே மாதிரி அடைமழை. புல் அறுக்கப் போன மலர்க்கொடி வாய்க்காலில் ஒரு தலையைப் பார்த்தாள். கழுத்தளவு தண்ணீரில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. இடது காதிலிருந்து சீழும் ரத்தமும் வழிந்து தாடையில் காய்ந்திருந்தன.

"ஏ புள்ள, மேல வா!"

பிள்ளை தலையை ஆட்டியது. ஓடிப்போன வாத்து திரும்பி வந்தால்தான் கரை ஏறலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லவும் அதற்கு வாய் வரவில்லை, கையைக் கையைக் காட்டியது. மலர்க்கொடி அரிவாளைப் போட்டுவிட்டு இறங்கித் தூக்கினாள். நனைந்த வைக்கோல் கட்டுக்கு இருக்கும் கனம்கூட அந்த உடம்பில் இல்லை.

அறிவுச்செல்வன் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். அவர்கள் வந்து சேருவதற்குள் பஞ்சநதம் வந்துவிட்டான். தெரு முழுக்கக் கூடி நின்றது.

"எவடி எங்க வீட்டுப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தவ?"

"நான்தான்."

"கொடு இப்படி."

"முடியாது."

அவன் அவள் முகத்தில் காறித் துப்பினான். இடுப்பில் பிள்ளை இருந்ததால் மலர்க்கொடியால் துடைக்க முடியவில்லை. பிற்பாடு ஜீப்பு வந்து, அதிகாரிகள் இறங்கி, பிள்ளையை வாங்கிக்கொண்ட பிறகும் அவள் துடைக்கவில்லை. தெருவில் இருந்த அத்தனை பேரும் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றாள்.

கேஸ் போட்டார்கள். அந்த வருஷம் தெருப் பெண்கள் ஒருத்தி விடாமல் பஞ்சநதம் வயலில் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாற்று முற்றிப் பழுத்தது. அவன் தவித்ததைப் பார்த்து மலர்க்கொடிக்குக் கொஞ்சம் நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் மறு வருஷம் வங்காளத்துப் பையன்கள் ரயிலேறி வந்து, பாட்டுப் பாடிக்கொண்டே இரண்டே நாளில் நட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நடவுக்காரிகளின் கோபத்துக்கு இனி மதிப்பில்லை என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. அவனை அசைக்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்தப் பிள்ளையின் வாய்.

அந்த வாய்தான் பேசவில்லை. அதிகாரிகள் கேட்டார்கள், டாக்டர் கேட்டார், ஹோமில் இருந்த அக்காக்கள் கேட்டார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழந்தை இல்லாத வீடு என்பதால் மலர்க்கொடியும் அறிவுச்செல்வனும் நடையாக நடந்து, வளர்ப்புக்கு என்று அவளை வாங்கி வந்தார்கள். எழில்மொழி என்று பேர் வைத்தது அறிவுச்செல்வன். "பேசாத புள்ளைக்கு மொழின்னு பேரு வைக்கிறியே" என்று தெருவில் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒன்பது வயசு, எழுத்துத் தெரியாது, ஒரு காது கேட்காது. இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவதாகத்தான் ஆற்றங்கரையில் இருந்த கன்னியாஸ்திரிகள் பள்ளிக்குப் போனார்கள். தலைமை சிஸ்டர் ஆரோக்கியம் வேளாங்கண்ணிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். குரல் கடற்கரையில் கூப்பிடுகிற குரல்.

"எந்தக் காது கேக்கும்?" என்று மட்டும்தான் கேட்டார்.

"வலது, சிஸ்டர்."

"அப்ப வலது பக்கம் நின்னு பேசுனாப் போச்சு. இதுக்கு எதுக்கும்மா அழுவுற?"

பள்ளிக்கூடம் முழுக்க அது ஒரு வழக்கமாகிவிட்டது. டீச்சர்கள் அவளுக்கு வலது பக்கமாக வந்து நின்று பேசினார்கள். சேர்ந்து நடக்கும் பெண்கள் தாங்களாகவே வலப் பக்கத்துக்கு மாறிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. சிஸ்டர் செய்வதைப் பார்த்துச் செய்தார்கள். முதல் பருவம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் மத்தியானம் மலர்க்கொடிக்குப் போன் வந்தது.

"உம் புள்ள பேசிட்டா."

"என்ன சொன்னா சிஸ்டர்?"

"'இன்னும் கொஞ்சம் சோறு'ன்னா. சமையக்காரம்மா கரண்டிய கீழ போட்டுட்டு ஒரே அழுவ."

அதிலிருந்து அவள் வாய் மூடவில்லை. ஏழாம் வகுப்பில் காலை வணக்கத்தில் செய்தி வாசித்தாள். ஒன்பதில் ஹேண்ட்பால் அணிக்குக் கோல்கீப்பர். பந்து முகத்துக்கு வந்தாலும் கண்ணை மூடாதவள் என்று அவளுக்குப் பேர். பத்தாவதில் பள்ளியில் இரண்டாமிடம். அந்தக் கோடையில்தான் தத்து உத்தரவும் வந்தது. அதை வாங்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடம் போய், வருகைப் பதிவில் தன் பேருக்கு முன்னால் 'அ' என்று இனிஷியல் போடவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

மலர்க்கொடிக்கு எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் மற்ற அம்மாக்கள் பிள்ளை டாக்டராக வேண்டும், டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டபோது அவள் ஆசைப்பட்டது ஒரு சாட்சியை. தலை வாரும்போதும் சோறு போடும்போதும் அதே பேச்சு. "அவன் ஒன்ன எப்படி அடிச்சான், எதால அடிச்சான், எல்லாத்தையும் நெனப்புல வச்சுக்க. கூண்டுல தடுமாறக் கூடாது." எழில்மொழி "சரிம்மா" என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள்.

கோர்ட்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. வாய்க்காலில் ஏறி வந்த கெண்டை மீனைக் கொல்லையில் உட்கார்ந்து உரசிக்கொண்டிருந்தாள் மலர்க்கொடி. வாசலில் கூப்பிடும் குரல் கேட்டுச் செதில் ஒட்டிய கையோடு போய்ப் பார்த்தாள். பஞ்சநதத்தின் பெண்டாட்டி ஞானாம்பாள். சேற்றுக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஆப்பிள் பையோடு நின்றாள். அந்தத் தெருவுக்குள் அவள் வந்து யாரும் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கீங்களா மலர்க்கொடி?"

மலர்க்கொடிக்கு அது முதலில் தன்னைக் கேட்டதாகவே படவில்லை. பெரிய தெருக்காரர்கள் வாயிலிருந்து தனக்கு ஒரு 'ங்க' விழுந்து அவள் கேட்டதே இல்லை.

"வாங்க" என்றாள். "என்னா விசயம்?"

"ஷோபனாவுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. மாப்பிள்ள கனடா. இந்த நேரத்துல கோர்ட்டு அது இதுன்னு பேப்பர்ல வந்தா, நாளைக்கு அவ அங்க போயி எப்படித் தல நிமுந்து நிப்பா? நீங்களும் ஒரு பொம்பளப் புள்ளைய வச்சிருக்கிறவங்க…"

"அதனாலதான் கோர்ட்டுக்குப் போறோம்."

"அவருக்கு வேற ரத்தக் கொதிப்பு."

"நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க" என்றாள் மலர்க்கொடி. "செலவுக்குப் பாக்காதீங்க. அவரு நல்லா இருக்கணும்."

அதில் இருந்த விஷம் ஞானாம்பாளுக்குப் புரிந்ததோ என்னவோ, முகம் மாறவில்லை. அதற்குள் எழில்மொழி தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"அடி யாத்தே, என்னா அழகா வளந்துட்ட!" என்று ஞானாம்பாள் இடது பக்கமாக வந்து அவள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

எழில்மொழி விலகித் திரும்பினாள். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அந்தக் காது கேக்காது."

"ஐயோ, எப்பலேந்து?"

எழில்மொழி அவளையே பார்த்தாள். கோல் கம்பத்துக்குள் நின்று பந்து எந்தப் பக்கம் வரும் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சின்னதுலேந்து."

"அவருக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது கண்ணு. எத்தன நாளு நான் குறுக்க விழுந்து தடுத்திருக்கேன். நான் ஒரு நாளாச்சும் ஒன் மேல கை வச்சிருக்கேனா? எம் பொண்ணு மாரிதானே வச்சிருந்தேன், நீயே சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்டி. 'சின்ன வயசு, நெனப்பு இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அது போதும்."

மலர்க்கொடி வாயைத் திறப்பதற்குள் எழில்மொழி கேட்டாள். "சாப்பிட்டீங்களா?"

"ம்? இல்ல… வீட்டுல போயி…"

"இங்க சாப்பிடுங்க. சாப்பிட்டா யோசிக்கிறேன்."

அவள் கொல்லைப் பக்கம் நடந்தாள். ஞானாம்பாள் பின்னால் போனாள். கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் சேறு காயாத ஓரத்தில் எழில்மொழி கையைக் காட்டினாள். "உக்காருங்க."

"இங்கியா?"

"எனக்கு அங்கதானே போடுவீங்க. வாத்துப் பட்டிக்கிட்ட."

ஞானாம்பாள் மலர்க்கொடியைப் பார்த்தாள். மெல்லப் புடவையை ஒதுக்கிக்கொண்டு ஞானாம்பாள் குந்தினாள். எழில்மொழி உள்ளே போய், முந்தின நாள் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை ஒரு நெளிந்த அலுமினியத் தட்டில் அள்ளிக்கொண்டு வந்து வைத்தாள். கைகழுவத் தண்ணீர் கேட்டதற்கு, "எனக்குக் குடுத்ததில்ல" என்றாள்.

அந்தத் தெருவில் யார் வீட்டிலும் பெரிய தெருக்காரர்கள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. ஞானாம்பாள் தட்டைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பிறகு ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். தொண்டையில் இறங்காமல் விக்கியது.

எட்டு வருஷமாகப் பகையை வளர்த்தவள்தான் மலர்க்கொடி. ஆனாலும் வீட்டுக்கு வந்தவளுக்கு வெறும் சோறு வைப்பதைக் கண்ணால் பார்க்க அவளால் முடியவில்லை. கை தன்னால் மாடத்தில் இருந்த ஊறுகாய் ஜாடிக்குப் போயிற்று.

"வேணாம்மா" என்றாள் எழில்மொழி. "எனக்கு வச்சதில்ல."

மலர்க்கொடி ஜாடியை வைத்துவிட்டாள்.

ஞானாம்பாள் அழுதுகொண்டே தின்றாள். எழில்மொழி இடுப்பில் கை வைத்துப் பக்கத்திலேயே நின்றாள். அப்படி நின்று பார்த்தவள் யாராக இருக்கும் என்று மலர்க்கொடிக்கு லேசாக உறைக்க ஆரம்பித்தது. பாதித் தட்டில் ஞானாம்பாள் கையை எடுத்தாள்.

"முடியலடி."

"கீழ கொட்டக் கூடாது. அரிசி என்னா வெல தெரியுமா?"

அது எழில்மொழியின் குரல் இல்லை. யாரோ பேசின பேச்சை அப்படியே திரும்பப் பேசுகிற குரல். ஞானாம்பாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து தட்டைக் காலி பண்ணினாள். எழுந்து போகும்போது, "யோசிக்கிறேன்னு சொல்லிருக்க கண்ணு" என்றாள். "ஆமா" என்றாள் எழில்மொழி.

அவள் தெரு முனை தாண்டியதும் மலர்க்கொடி பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடி அவள? பாவி அவ புருசன்தான…"

"அம்மா, காதுல அடிச்சது அவங்க."

மலர்க்கொடி பிடித்த பிடியை விட்டாள்.

"பசிம்மா. ஒரு வாத்து முட்டைய ஒடச்சிக் குடிச்சிட்டேன். அடுப்படிலேந்து இரும்புக் கரண்டியோட வந்தாங்க. அவரு அன்னைக்கி ஊருலயே இல்ல. வாய்க்காலுல நிக்க வச்சதும் அவங்கதான்."

"இத ஏண்டி இத்தன வருசமா எங்கிட்ட சொல்லல?"

"நீ 'அவன் எப்படி அடிச்சான், அவன் எப்படி அடிச்சான்'னு அவரப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்த. நான் என்னா சொல்றது?" அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டாள். "சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். அவரு உள்ள போனாப் போதும்னு இருந்தேன். 'எப்பலேந்து'ன்னு கேட்டாங்க பாத்தியா?"

கெண்டை மீனைப் பூனை இழுத்துக்கொண்டு போனது. மலர்க்கொடி விரட்டவில்லை. இத்தனை காலம் குறி பார்த்து வைத்திருந்த கல்லை வேறு பக்கம் திருப்பிப் பிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திருப்பியபோது கை இன்னும் இறுகிற்று.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எழில்மொழி சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மலர்க்கொடியும் கூட இருந்தாள். மன்னித்துவிடு என்று சிஸ்டர் சொல்லிவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளூர உதறல். சிலுவை போட்டவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

சிஸ்டர் ஆரோக்கியம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தச் சோறு வேண்டாத வேல எழிலு. ஒருத்திய மண்டி போட வச்சுப் பாக்குற ருசி நாக்குல ஒட்டிக்கும். அது நல்லதில்ல."

"சரி சிஸ்டர்."

"கோர்ட்டுல உண்மையச் சொல்றது வேற. அத ஒரு எழுத்து கொறைக்காமச் சொல்லு. நான் வந்து வாசல்ல ஒக்காந்திருக்கேன்."

"அவங்கள மன்னிக்கச் சொல்ல மாட்டீங்களா?" என்று மலர்க்கொடியே கேட்டுவிட்டாள்.

"அவங்க மன்னிப்புக் கேட்டாங்களா? மறந்துடுன்னுல்ல கேட்டிருக்காங்க" என்றார் சிஸ்டர். "கேக்காதத எப்படிக் குடுக்குறது?"

வெளியே வரும்போது எழில்மொழி அம்மாவின் காதில், "ருசி இருந்துச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மாயவரம் கோர்ட்டில் சின்ன அறை. நீதிபதி ஒரு அம்மாள். பஞ்சநதம் வெள்ளை வேட்டியில் திடமாக நின்றான். மலர்க்கொடியின் வேண்டுதல் பலித்திருந்தது. ஞானாம்பாள் சாட்சியும் இல்லை, குற்றவாளியும் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து ஒரு கை தள்ளி, ஜெபமாலையோடு சிஸ்டர்.

அரசு வக்கீல் கேட்டார். எழில்மொழி பள்ளிக்கூடத்தில் செய்தி வாசிக்கிற அதே குரலில், அவசரப்படாமல், வாத்து மேய்த்ததைச் சொன்னாள், படுத்த இடத்தைச் சொன்னாள், தின்றதைச் சொன்னாள். பஞ்சநதம் சாட்டைக் கயிற்றால் அடித்ததைச் சொன்னாள்.

"காதுல அடிச்சது யாரும்மா?" பதில் ஏற்கெனவே தெரிந்தவர் போல வக்கீல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இவரு சம்சாரம், ஞானாம்பாள். வெளியில பெஞ்சுல இருக்காங்க."

வக்கீல் தலை நிமிர்ந்தார். நீதிபதி பேனாவை நிறுத்தினார். பஞ்சநதம் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

எதிர்த்தரப்பு வக்கீல் பாய்ந்து எழுந்தார். "இத்தன வருஷமா சொல்லாதத இன்னைக்குச் சொல்றியே, யாரு சொல்லிக் குடுத்தா?"

"போலீஸ் கேட்டப்ப எனக்குப் பேச வராது சார். பேச்சே பள்ளிக்கூடத்துலதான் வந்துச்சு."

"அந்த அம்மா போன ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனாங்களா இல்லையா?"

"சாப்பிட்டாங்க."

"பாசம் இல்லாமலா உங்க வீட்டுல கைநனைச்சாங்க?"

"பாசமான்னு அவங்களத்தான் கேக்கணும் சார். எனக்கு அவங்க என்ன போட்டாங்களோ, எங்க ஒக்கார வச்சுப் போட்டாங்களோ, அதத்தான் நான் போட்டேன். பாதியிலயே முடியலன்னாங்க. நான் ரெண்டு வருஷம் தின்னேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி அதை ஒரு முறை திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே ஞானாம்பாளையும் குற்றவாளியாகச் சேர்க்கச் சொல்லி அரசு வக்கீல் மனுக் கொடுத்தார்.

தாழ்வாரத்தில் விஷயம் காதுக்கு எட்டியதும் ஞானாம்பாள் ஓடி வந்தாள். "ஒன் வீட்டுச் சோத்தத் தின்னேனேடி! சேத்துல ஒக்காந்து தின்னேனே! யோசிக்கிறேன்னு சொன்னியே!"

"யோசிச்சேன்" என்றாள் எழில்மொழி.

ஷோபனாவின் கல்யாணம் நின்றுபோகும் என்று தெருவே எதிர்பார்த்தது. நிற்கவில்லை. தை மாதம் கும்பகோணத்தில் பெரிய மண்டபத்தில் ஜாம்ஜாமென்று நடந்தது. கனடாக்காரர்களுக்கு இந்தக் கோர்ட்டெல்லாம் ஒரு பொருட்டாகப் படவில்லை. அன்றைக்கு மலர்க்கொடி யாரோடும் பேசாமல் உளுந்துக்கு வயலைச் சரிபண்ணிக்கொண்டு நின்றாள்.

தீர்ப்பு அதற்கு அடுத்த வருஷம் மாசியில் வந்தது. எழில்மொழிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு, அன்றைக்கு இயற்பியல். "நீ போய்ட்டு வாம்மா. நான் எழுதிட்டு வரேன்" என்றாள். அறிவுச்செல்வன் அவளைப் பள்ளியில் விட்டான். மலர்க்கொடி மட்டும் மாயவரம் பஸ் ஏறினாள்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஆளுக்கு ஐந்து வருஷம். பஞ்சநதம் அங்கேயே சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எத்தனையோ வருஷம் மனசில் ஓட்டிப் பார்த்த காட்சி அது. மலர்க்கொடி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் கண் ஞானாம்பாள் மேல் இருந்தது.

ஞானாம்பாள் அழவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அண்ணன் மகன் கையில் கொடுத்தாள். அடுப்பில் பால் இருக்கிறது, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று அவனிடம் சொன்னாள். பெண் போலீஸ் இரண்டு பேருக்கு நடுவில், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து நடந்தாள். வேனில் ஏறும்போது மலர்க்கொடியைக் கடந்துதான் போனாள். ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். மலர்க்கொடியின் முகத்தில் எச்சில் விழவில்லையே தவிர, அந்தப் பார்வை அப்படித்தான் இருந்தது. பிறகு ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, முன்னால் பார்த்துக்கொண்டாள். வேன் திருச்சி ரோட்டில் திரும்பியது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

பஸ்ஸில் வரும்போது மலர்க்கொடிக்கு நெஞ்சு காந்தியது. வழியெல்லாம் சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து முளைத்திருந்தது. ஐந்து வருஷம் கிடைத்தும் ஏதோ ஒன்று கைக்கு வராமல் நழுவிப் போன மாதிரி இருந்தது. இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டில் எழில்மொழி பரீட்சை முடிந்து வந்து சீருடைகூட மாற்றாமல் காத்திருந்தாள். தண்டனை எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அப்பாவுக்குப் போன் வந்திருக்கும்.

"அழுதாங்களாம்மா?"

மலர்க்கொடி செருப்பைக் கழற்றினாள். குடத்தில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவினாள். பிறகு பிள்ளையின் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"அழுதா. அம்மாடி, என்னா அழுவ! தரையில விழுந்து பொரண்டா. போலீஸ்காரிங்க காலப் புடிச்சா. தூக்கித்தான் வேனுல போட்டாங்க."

எழில்மொழி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா இல்லையா என்று மலர்க்கொடிக்குக் கடைசிவரைக்கும் தெரியவில்லை.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றாள்.

மலர்க்கொடி முதலிலிருந்து சொன்னாள்.